கழித்துக்கட்டாத கார்

மலாயாவில் வாழைமலை ரப்பர்த் தோட்டத்தில் முருகையாவைப் போல ஒரு முட்டாள் பிறந்ததில்லை என்று அவன் பெண்டாட்டி பஞ்சாலையே சொல்லுவாள். சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. கதையைக் கேட்டு முடித்த பிறகு நீங்களும் சொல்லிக்கொள்ளுங்கள், நான் தடுக்கப் போவதில்லை.

முருகையா, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரப் பெரிய தொரைக்குக் கார் டிரைவர். கறுப்பு ஆஸ்டின் வண்டி. சப்பான்காரன் சண்டைக்கு முன்னாலேயே தோட்டத்துக் கம்பெனி வாங்கிப் போட்டது. சிரம்பானிலிருந்து குவாலா பிலா போகிற சாலையில், புக்கிட் பூத்துஸ் ஏற்றத்துக்கு அந்தப் பக்கம் தோட்டம். அந்த ஏற்றத்தில் புது வண்டிகளே மூச்சு முட்டி, ரேடியேட்டர் கொதித்து ஓரங்கட்டி நிற்கும். முருகையாவின் வண்டி நின்றதாக ஒருத்தரும் சொல்ல முடியாது. ரேடியேட்டருக்கு அவன் ஆற்றுத் தண்ணீரை ஊற்றவே மாட்டான். செம்மண் கரைசல் உள்ளே போய்ப் படிந்துவிடுமாம். தகரக் கூரையில் வழிகிற மழைத் தண்ணீரைப் பானையில் பிடித்து, துணியில் வடிகட்டி ஊற்றுவான். வீட்டுக்குக் குடிதண்ணீர் என்னவோ ஆற்றிலிருந்துதான்.

"எனக்கு ஆத்துத் தண்ணி, அதுக்கு மழத் தண்ணியா? என்னையும் அந்த ஷெட்டுலயே கொண்டு போய்க் கட்டிப் போடுங்க, நாலு நாளு நல்லா இருப்பேன்" என்பாள் பஞ்சாலை.

அவன் சிரித்துக்கொள்வான். காலையில் வண்டியை எடுத்ததும் விரட்ட மாட்டான். எண்ணெய் மேலே ஏறி இரும்பெல்லாம் நனையட்டும் என்று அது பாட்டுக்கு மெதுவாக ஓட விட்டுக் காத்திருப்பான். எண்ணெய் மாற்றுவதென்றால் எஞ்சின் சூடாக இருக்கும்போதே மாற்றுவான். இறக்கிய கறுப்பு எண்ணெயையும் வீணாக்க மாட்டான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தேங்காய் நார் தூரிகையால் அடிச்சட்டம் முழுக்கப் பூசுவான், துரு அண்டாது. ஸ்பிரிங் பட்டைகளுக்கு மசகு தடவி, சாக்குத் துணியைக் கிழித்துச் சுற்றி வைப்பான். இறக்கத்தில் பிரேக்கை நம்ப மாட்டான், கியரைக் குறைத்துத்தான் இறக்குவான். கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவனை அவன் மனுசக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சப்பான்காரன் வந்தபோது தொரை சிங்கப்பூருக்கு ஓடி, அங்கே பிடிபட்டுச் சிறையில் கிடந்தார். காரை முருகையா என்ன செய்தான் தெரியுமா? சக்கரங்களைக் கழற்றினான். வண்டியைக் கட்டைமேல் ஏற்றினான். எஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றி அடைத்தான். ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காய வைக்கிற புகைக்கொட்டகையின் மூலையில் தள்ளி, மேலே விறகை மலை மாதிரி அடுக்கிவிட்டான். கண்டுபிடித்திருந்தால் தலை போயிருக்கும். பஞ்சாலை அந்தக் காலம் முழுக்க புகைக்கொட்டகைப் பக்கம் பூட்ஸ் சத்தம் கேட்டாலே கைவேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

சண்டை முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த தொரை, விறகை விலக்கிக் காரைப் பார்த்ததும் அழுதுவிட்டார். தோட்டத் தமிழில் அவர் சொன்ன வார்த்தையை முருகையா தேவாரம் மாதிரி மனப்பாடமாக வைத்திருந்தான்.

"முருகையா, இந்தக் கார் கம்பெனி கார். நான் குடுக்க முடியாது. கம்பெனி இதைக் கழிக்கிற அன்னிக்கு, இது உன் கார். என் வார்த்தை."

அன்றைக்கு அது ஒரு ஆசை, அவ்வளவுதான். கழிக்கிறபோது கழிக்கட்டும் என்று விட்டிருக்கலாம். அடுத்து வந்த காலம் அப்படி விடவில்லை.

வெள்ளைக்காரனை விரட்டக் காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகள், எங்கள் பேச்சில் காட்டுக்காரர்கள், துப்பாக்கி தூக்கினார்கள். சர்க்கார் அவசர காலம் என்றது. பக்கத்துத் தோட்டத்துத் தொரையைச் சாலை வளைவில் வைத்துச் சுட்டார்கள், அவருடைய டிரைவரும் கூடவே போனான். அந்த டிரைவரின் பேரைக்கூட யாரும் பேப்பரில் போடவில்லை என்று முருகையா வெகுநாள் குமைந்தான். பிறகு ஆஸ்டினுக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். கதவுக்குத் தகடு, பின்னால் தகடு, முன்கண்ணாடிக்கு விரல் நுழைகிற இடுக்கு விட்டு ஒரு தகடு. வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. ஸ்பிரிங் முனகியது. முருகையா உடைந்த லாரியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து வந்து கூடுதலாகச் சேர்த்தான். டயர்களை முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டான். நடுக்காட்டில் வண்டி நின்றால் தொரைக்கும் அவனுக்கும் ஒரே கதிதான்.

சனங்களுக்கு வந்தது வேறு. சிதறிக் கிடந்த லயன் வீடுகளை எல்லாம் காலி செய்து, ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். ஒரே வாசல். அரிசி காட்டுக்குப் போய்விடக்கூடாது என்று, ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்களை விடியற்காலையில் வாசலில் நிறுத்தி, மாத்தாக்காரர்கள் என்கிற போலீஸ்காரர்கள் சோதனை போட்டார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது. பெண்களைச் சோதிக்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். பேர்தான் பெண். மடியை அவிழ்ப்பாள், கொண்டையைப் பிரிப்பாள், ரவிக்கைக்குள் கையை விடுவாள். ஆண்கள் வரிசை பக்கத்திலேயே நிற்கும்.

ஒரு நாள் பஞ்சாலையின் இடுப்பு மடிப்பில் ஒரு துண்டு வெல்லம் இருந்தது. வெறுவயிற்றோடு மரம் வெட்டினால் மயக்கம் வருகிறதென்று முடிந்து வைத்திருந்தாள். அவளை ஓர் எண்ணெய் டிரம்மின் மேல் ஏற்றி, வெயில் உச்சிக்கு வரும்வரை எல்லாரும் பார்க்க நிறுத்தினார்கள்.

அந்த நேரத்தில் ஆஸ்டின் வாசலைக் கடந்தது. தொரை பின்னால் இருந்தால் வாசலின் குறுக்குக் கட்டை தானாக மேலே போகும், டிரைவரை யாரும் தொட மாட்டார்கள். இரும்புத் தகட்டின் இடுக்கு வழியே முருகையா பார்த்தான். டிரம்மின் மேல் நிற்பது தன் பெண்டாட்டி. வண்டியை நிறுத்த அவனுக்குத் தைரியம் வரவில்லை. அந்த வெட்கம் அவனைச் சாகும்வரை தின்றது.

அன்று சாயங்காலம் அவள் அழவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒரே ஒரு நாளாச்சும் என்னை யாரும் தடவிப் பாக்காம நான் வாசலைத் தாண்டணும். வேற எதையும் உங்ககிட்ட கேக்கல."

சிரம்பானை ஒட்டிய ராசா என்ற ஊரில் முருகையாவின் அக்கா மங்கம்மா இட்டிலிக் கடை வைத்திருந்தாள். பின்கட்டு சும்மாதான் கிடந்தது. கார் மட்டும் கைக்கு வந்தால் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சிரம்பான் ஸ்டேஷனில் வாடகைக்கு ஓட்டலாம். முள்கம்பி கிடையாது, வாசல் கிடையாது. அன்றிலிருந்து அந்தக் காருக்கு முருகையா செய்ததெல்லாம் பஞ்சாலைக்குச் செய்தது. துடைக்கும்போதெல்லாம் அவளுக்குத்தான் துடைத்தான்.

தொரைக்கும் இந்த நாடு போதும் போதும் என்றாகிவிட்டது. வருஷக் கடைசியில் சீமைக்குப் போகிறார் என்று பேச்சு. புரட்டாசியில் ஒரு நாள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி இராஜரத்தினம் முருகையாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். யாழ்ப்பாணத்து மனிதர், அளந்து பேசுகிறவர்.

"முருகையா, வடிவாக் கேளும். தீபாவளிக்கு முதல் கம்பெனியிலையிருந்து ஒரு தொரை வாறார். பழைய சாமான், வண்டி எல்லாம் பாத்து, உதவாததைக் கழிப்பார். கார் கழிஞ்சுதெண்டால் பெரிய தொரை அதை உமக்குத் தரலாம். கழியாட்டி அவராலை ஒண்டும் ஏலாது. நீர் அதைக் கலியாணப் பொம்பிளை மாதிரி வெச்சிருக்கிறீர். ஆர் கழிப்பான்?"

"வண்டி பழசுதானுங்களே ஐயா."

"பழசு எண்டு உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். காருக்குத் தெரியேல்லயே. நல்லா இருமப் பண்ணும்."

தொரையும் அதையே தன் பாஷையில் சொன்னார். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கார் கொஞ்சம் சீக்கு ஆகட்டும். தெரியுதா?" சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார்.

சீக்காக்குவது முருகையாவுக்கு ஒரு வேலையா? ஒரு பிளக்கின் வயரைத் தளர்த்திவிட்டால் வண்டி நொண்டும். புகைக்குழாயில் கொஞ்சம் எண்ணெய் விட்டால் கறுகறுவென்று கக்கும். தகட்டின் போல்ட்டு ஒன்றைத் தளர்த்தி வைத்தால் பீப்பாய் உருட்டுகிற சத்தம் வரும். மூன்றையும் செய்தான். கழுவுவதையும் நிறுத்தினான். செம்மண் அப்பிய வண்டி ஷெட்டில் நொண்டிக்கொண்டு நுழைவதைப் பார்த்துப் பஞ்சாலைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மங்கம்மாவுக்குச் சொல்லி அனுப்பி, பின்கட்டை வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டாள். முருகையாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளைக்குப் பட்டினி போட்டவன் மாதிரி ஷெட்டுப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தான்.

நடுவில் ஆயுத பூசை வந்தது. அங்கேதான் கெட்டது.

தோட்டத்தில் அன்றைக்கு எல்லாரும் கருவியைக் கழுவிப் பூசையில் வைப்பார்கள். பால்வெட்டுகிறவள் உளியைத் தீட்டி வைப்பாள், தச்சன் ரம்பத்தை வைப்பான், கிராணி பேனாவை வைப்பார். மொட்டைக் கத்தியையும் உடைந்த மண்வெட்டியையும் அன்றைக்கு ஒருத்தரும் சாமி முன்னால் வைக்க மாட்டார்கள். முதல் நாள் மத்தியானம் முருகையா வாளியில் தண்ணீர் மொண்டதும் பஞ்சாலைக்குப் பகீரென்றது.

"இந்த வருசம் வேணாங்க. மனசுக்குள்ள கும்புட்டுக்கிட்டாப் போச்சு."

"பொட்டு வைக்க வேணாமா?"

"அழுக்கோட வைங்க. அம்மா என்ன கோச்சுக்கவா போவுது?"

"நொண்டி வண்டிக்குப் பொட்டு வெச்சுட்டு, என்னைக் காப்பாத்துன்னு எப்படிப் புள்ள கும்புடறது? நானே கெடுத்து வெச்சிருக்கேன்னு அதுக்குத் தெரியாதா? ஒரு நாளுதான். அந்தாளு வர இன்னும் நாளு கெடக்கு. பூசை முடிஞ்ச மறுநாளே பழையபடி ஆக்கிடறேன்."

அவளும் யோசித்தாள். ஒரு நாள்தானே. பூசையைக் குறைத்துக்கொண்ட குற்றத்துக்கு அம்மன் காரையே தராமல் போய்விட்டால்? அந்தப் பயமும் அவளுக்கு இருந்தது. சரி என்றுவிட்டாள். பிற்பாடு எல்லாக் குற்றத்தையும் அவன் தலையில் போட்டாளே, இந்தச் சரியை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

செய்வதென்று இறங்கினால் முருகையாவுக்கு அரைகுறை கிடையாது. பிளக்கைக் கழற்றிச் சுரண்டித் துடைத்தான். வயரை இறுக்கினான். வால்வு இடைவெளியைச் சரி செய்தான். பூசை ஒரு நாளைக்கு மட்டும் என்று தொரையிடம் கேட்டுத் தகடுகளையும் கழற்றி இறக்கிவிட்டான், அந்தத் தகட்டுக்குப் பொட்டு வைக்க அவனுக்கு மனசில்லை. தகட்டுக்கு அடியில் இருந்த கறுப்புச் சாயத்துக்கு மெழுகு போட்டுத் தேய்த்தான். பல நாள் பட்டினிக்குப் பிறகு பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரித் தேய்த்தான். மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் முன்பக்கம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் பூசி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்தியபோது, சனங்கள் கண் வைத்துவிடுவார்கள் போல இருந்தது. பொரி கடலையோடு தோட்டமே கூடி நின்றது.

அந்தக் காலத்தில் யார் எப்போது வருவார்கள் என்று முன்னால் சொல்வதில்லை. சொன்னால் வழியில் காட்டுக்காரன் காத்திருப்பான். பட்டாள லாரி எப்போது கிளம்புகிறதோ அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். கற்பூரம் காட்டுகிற நேரத்தில் பட்டாள லாரி வந்து நின்றது. பின்னாலேயே வந்த வண்டியிலிருந்து கம்பெனித் தொரை இறங்கினார். நாள் இருக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த அதே மனிதர்.

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பூசையைப் பார்த்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கீழே குனிந்து அடிச்சட்டத்தைத் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்தார், துரு இல்லை. பெரிய தொரை கிராணியைப் பார்த்தார், கிராணி தரையைப் பார்த்தார். கம்பெனித் தொரை முருகையாவைப் பார்த்து வண்டியை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

முருகையா ஏறி உட்கார்ந்தான். அப்போதும் எதுவும் கெட்டுப் போகவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். சோக் குமிழை முழுசாக இழுத்துப் பிடித்திருந்தால் பெட்ரோல் நிரம்பி எஞ்சின் மூச்சடைத்து நின்றிருக்கும். பெரிய தொரையின் கண் அதைத்தான் கெஞ்சியது. கூட்டத்தில் பஞ்சாலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள், அவளுக்கு இயந்திரம் தெரியாது, ஆனால் அவனைத் தெரியும். முருகையா சோக்கில் கையை வைத்தான். எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் இருந்தது. பூசை போட்ட வண்டி முதல் இழுப்பில் கிளம்பாவிட்டால் அதைவிட அபசகுனம் கிடையாது. இத்தனை வருஷம் ஆயுத பூசையன்று அவன் வண்டி ஒரு தடவைகூட அடம்பிடித்ததில்லை. தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கை சோக்கை விட்டுவிட்டது. அவன் சொல்லிக் கை விட்டதா, கை தானாக விட்டதா, அதை அந்த அம்மனைத்தான் கேட்க வேண்டும்.

முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. பழங்கள் நசுங்கின, சனங்கள் கும்பிட்டார்கள். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாதபடி ஓடியது.

கம்பெனித் தொரை எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சிரித்தார். இது இன்னும் பத்து வருஷம் ஓடும், இதை ஏன் கழிக்க வேண்டும், சிரம்பான் ஆபீசுக்கு இப்படி ஒரு வண்டிதான் தேவைப்படுகிறது என்றார். கிராணி அதைத் தமிழில் சொல்லவில்லை. முருகையாவுக்கு அதுவரை இங்கிலீசு புரிந்ததேயில்லை. அன்றைக்குப் புரிந்தது.

மறுநாள் பெரிய தொரை அவனைக் கூப்பிட்டார். அவருக்கும் வருத்தம்தான், பொய் சொல்லக்கூடாது. "நான் என்ன செய்றது, முருகையா? நீ அதை ரொம்ப நல்லா வெச்சிட்டே" என்றார். கையைக் குலுக்கினார். அந்த வருஷக் கடைசியில் கப்பல் ஏறிவிட்டார். ஆஸ்டின் சிரம்பானுக்குப் போயிற்று. தோட்டத்துக்குப் பட்டாளத்து இரும்பு வண்டி ஒன்று வந்தது, அதற்கு அவர்களே ஆள் வைத்திருந்தார்கள். டிரைவர் வேலை போய், முருகையா பால் வாளி தூக்கினான்.

பஞ்சாலை சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மங்கம்மாவின் பின்கட்டுக்கு வேறு குடித்தனம் வந்தாயிற்று என்று சேதி வந்த அன்று மட்டும், "நல்ல சாமி, நல்ல வண்டி, நல்ல புருசன்" என்றாள். அதோடு சரி.

அவனும் இப்போது விடியற்காலையில் வாசலில் நின்றான். ஆண்கள் வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு, சட்டைப் பையைக் காட்டிக்கொண்டு, வாளிக்குள் விளக்கடிக்க விட்டுக்கொண்டு. பக்கத்து வரிசையில் அவள் கொண்டையைப் பிரித்துக்கொண்டிருப்பாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடிந்த சமயம். வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது சாலை வளைவில் ஒரு கார் இருமுவது கேட்டது. முருகையாவுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதேயில்லை. ஸ்பிரிங் காய்ந்து கிரீச்சிட்டது, எவனோ கிளச்சிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தான். வாசலுக்கு நேராக, தூக்கிய கட்டைக்கு அடியிலேயே, ஆஸ்டின் உதறி நின்றுபோனது. பின்சீட்டில் கம்பெனித் தொரை. சிரம்பானிலிருந்து வந்த புது டிரைவர் ஸ்டார்ட்டரை இழுத்து இழுத்துப் பேட்டரியைக் கொன்றுகொண்டிருந்தான். வாசல் அடைத்துக்கொண்டது. மாத்தாக்காரன் வரிசையைப் பார்த்து, முருகையாவை நோக்கிக் கையசைத்தான். "டிரைவர், மாரி சினி" என்று இங்கே வரச் சொன்னான்.

முருகையா வரிசையை விட்டுப் போனான். மூடியைத் திறந்தான். உள்ளே அத்தனை அழுக்கு. பொறி விழுகிற இடத்தில் கரி கட்டியிருந்தது. தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தால் தேய்த்து, சட்டை நுனியால் துடைத்து மூடினான். வண்டி பிடித்துக்கொண்டது.

"காலையில எடுத்த உடனே உறும விடாதீங்க தம்பி. அதுக்கு மழத் தண்ணிதான் ஊத்தணும். கிளச்சுல இருந்து காலை எடுத்துடுங்க" என்று சன்னல் பக்கம் குனிந்து சொன்னான். புது டிரைவர் தலையாட்டினான். பின்னாலிருந்தவருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. கார் போயிற்று. மெர்டேக்கா வந்து நாடு விடுதலையான பிறகும் அது சிரம்பானில் ஓடியது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

மாத்தாக்காரன் முருகையாவை வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னான். போனான். முறை வந்ததும் மசகுக் கையை உயரத் தூக்கிக்கொண்டு சோதனை கொடுத்தான். வாசலுக்கு அந்தப் பக்கம் பஞ்சாலை கொண்டையை முடிந்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இது ஆவாதுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல. அங்கயே கெடந்து சாவட்டும்னு விட்டிருக்கலாம்ல."

முருகையா கையைப் பார்த்துக்கொண்டான்.

"தோணவே இல்ல, புள்ள" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். டிரம்மின் மேல் நின்ற அன்று வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.